குத்துச்சண்டை மேடையில் விழுந்த துண்டு

என் அருமை மகனுக்கு,

கடையில் ஆள் இல்லாத நேரம் பார்த்து இதைப் பிரி. நேரில் சொல்லலாம்தான். ஆனால் நான் இரண்டு வார்த்தை பேசுவதற்குள் "விடுங்கம்மா, இப்ப எதுக்கு அது" என்று எழுந்து போய்விடுவாய். பெற்றவளுக்குத் தெரியாதா உன் குணம். கடிதம் என்றால் நீ எழுந்து போனாலும் அது மேசையிலேயே கிடக்கும், திரும்பி வந்து படித்துத்தான் ஆகவேண்டும். அடுத்த மாதம் உனக்குக் கல்யாணம். பிள்ளைக்குக் கல்யாணம் என்றால் பெற்றவள் புத்தி சொல்லி எழுதுவாள், நானும் எழுதாமல் விடப்போவதில்லை. அதற்கு முன்னால் ஒரு விஷயம் இருக்கிறது. எட்டு வருடத்துக்கு முன்பு இரத்தினபுரி மண்டபத்தில் நடந்த அந்த இறுதிப் போட்டியில் நீ ஏன் தோற்றாய் என்பது எனக்குத் தெரிந்துவிட்டது. போன ஞாயிற்றுக்கிழமைதான் தெரிந்தது. அன்றிலிருந்து எனக்குச் சோறு சரியாக இறங்கவில்லை.

எல்லாம் அந்தப் படங்களில்தான் தொடங்கியது, அதனால் நானும் அங்கிருந்தே வருகிறேன். ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர்களுக்கு மழைதான் லீவு. பட்டை நனைந்துவிட்டால் கத்தி வைக்க முடியாது, வெட்டினாலும் பால் சிரட்டைக்கு வராமல் மரம் முழுக்க வழிந்து வீணாகும். விடியற்காலையில் கூரைத் தகரத்தில் மழை சத்தம் கேட்டால் உன் அப்பா தலையில் கை வைப்பார், அரைச் சம்பளமும் போச்சே என்று. நான் மனதுக்குள் சிரிப்பேன். பக்கத்துக் காம்பரா வீட்டுச் செல்லம்மாக்கா சுவரைத் தட்டி, "என்னாடி, போவமா" என்பாள். பத்தரை மணிக் காட்சிக்கு இரத்தினபுரி பஸ்ஸைப் பிடித்துவிடுவோம். மழை நாளில் உன் பள்ளிக்கூடத்திலும் பாதிப் பிள்ளைகள் வரமாட்டார்கள், அதைச் சாக்காக வைத்து உன்னையும் இழுத்துக்கொண்டு போவேன். அப்போது நீ மூன்றாம் வகுப்பு. பிள்ளையின் படிப்பைக் கெடுத்தவள் என்று உன் அப்பா இன்றைக்கும் குத்திக்காட்டுவார். கெடுத்தேன்தான், இல்லை என்று சொல்லமாட்டேன்.

மற்ற பெண்கள் அழுகைப் படத்துக்கு அலைந்தார்கள். எனக்கு மட்டும் குத்துச்சண்டைப் படம் போட்டால் போதும், கால் தானாக நடக்கும். வருடத்துக்கு ஒன்றிரண்டுதான் வரும். பேச்சு இங்கிலீஷ், கீழே ஓடுவது சிங்கள எழுத்து. சிங்களம் எனக்கு நன்றாகப் பேச வரும், எழுத்துக் கூட்டத் தெரியாது. ஆனாலும் ஒரு படமாவது எனக்குப் புரியாமல் போனதில்லை, அதுதான் அந்தப் படங்களின் பெருமை. விடியுமுன் எழுந்து பனியில் ஓடுகிறான், அது எனக்குப் புரியும். கையில் துணியைச் சுற்றிக் கட்டுகிறான், அதுவும் புரியும், கத்தி பிடித்துக் காய்த்த கையில் நானும் துணி சுற்றியவள்தான். கூலி வேலை செய்கிறவன் ஒருவனின் முகத்தை ஒரு வீட்டுச் சுவர் அளவுக்குப் பெரிதாக்கிக் காட்டுகிறார்கள். வேர்வை ஒவ்வொரு சொட்டாக விழுவது தெரிகிறது. வீங்கிய கண்ணை அவ்வளவு நேரம் எல்லாரும் கண்ணெடுக்காமல் பார்க்கிறார்கள். எங்கள் முகத்தை யார் அப்படிப் பார்த்தார்கள் சொல். தோட்டத்தில் எங்களைப் பார்க்கிறவர்கள் வாளியில் பால் எவ்வளவு என்றுதான் பார்ப்பார்கள்.

அந்தப் படங்களில் எனக்கு எல்லாவற்றையும் விடப் பிடித்தது அடி இல்லை, தம்பி. அந்தச் சின்ன முக்காலி. மணி அடித்ததும் அடி நிற்கும். ஒருவன் ஓடிவந்து மூலையில் முக்காலியைப் போடுவான், அடிபட்டவனை உட்கார வைப்பான், வாயில் தண்ணீர் ஊற்றுவான், முகத்தைத் துடைத்து, முடியுமா என்று கேட்பான். எங்களுக்கு மணி அடித்தால் வேலை தொடங்கும். அவனுக்கு மணி அடித்தால் ஒரு நிமிடம் இளைப்பாறல். அந்த ஒரு நிமிடத்தைப் பார்க்கத்தான் நான் அவ்வளவு தூரம் நனைந்துகொண்டு போனேன் என்று சொன்னால் நீ சிரிப்பாய். சிரி. முழு நாள் ஓடிவிட்டு வந்து நிற்கும்போது, உட்காரு, முடியுமா என்று என்னிடம் கேட்க ஆள் இருந்ததில்லை. உன் அப்பாவைக் குறை சொல்லவில்லை, அவரும் ரப்பர் ஷீட்டுக்குப் புகை போடுகிற ஸ்டோரில் நின்றுவிட்டு வருகிறவர், அவரையும் யாரும் கேட்டதில்லை.

தியேட்டரில் இன்னொரு அதிசயமும் இருந்தது. மழையில் மாணிக்கக் குழிகளில் தண்ணீர் நிறைந்துவிட்டால் குழி ஆட்களுக்கும் வேலை இல்லை. அவர்களும் சேற்றுக் காலோடு வந்து நிறைந்துவிடுவார்கள். வெளியே எங்களை ஏறெடுத்துப் பார்க்காத சிங்கள ஆட்கள். உள்ளே திரையில் நம் ஆள் கீழே விழுந்துவிட்டால் அவர்கள் "நெகிடபங் மல்லி, நெகிடபங்" என்று கத்துவார்கள், செல்லம்மாக்கா "எந்திரிடா தம்பி" என்று கத்துவாள். இரண்டும் ஒன்றுதானே. அவன் எழுந்துவிட்டால் முன்பின் தெரியாத ஆள் திரும்பி எங்களைப் பார்த்துச் சிரிப்பான். நீ என் மடியில் ஏறி நின்று இரண்டு பாஷையிலும் கத்துவாய். படம் முடிந்து வெளியே வந்தால் அவரவர் பஸ், அவரவர் வழி. ஆனாலும் அந்த இரண்டரை மணி நேரம் பொய் இல்லை என்றுதான் நான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

அப்படிப் பார்த்த படங்களில் ஒன்று என் நெஞ்சில் அப்படியே தங்கிவிட்டது. துறைமுகத்தில் மீன் பெட்டி தூக்குகிற ஒருவன். அவனுக்குப் பயிற்சி கொடுப்பது சொந்த அண்ணன். இருவருக்கும் நடுவில் சண்டை வந்து பேச்சு நின்றுவிடும். கடைசிப் போட்டிக்கு அண்ணன் மனம் பொறுக்காமல் வந்து மூலையில் நிற்பான். தம்பி அடிமேல் அடி வாங்குவான், ஆனால் விழமாட்டான். அப்போது அந்த அண்ணன் கண்ணீரோடு தோளில் கிடந்த வெள்ளைத் துண்டை எடுத்து மேடைக்குள் வீசுவான். கூட்டம் முழுவதும் எழுந்து நிற்கும். தம்பி அந்தத் துண்டைப் பார்ப்பான், திரும்பி அண்ணனைப் பார்ப்பான், தள்ளாடி வந்து அவன் மார்பில் விழுவான். அதற்குள் முன் வரிசை ஆட்கள் எழுந்து மறைத்துவிட்டார்கள், மிச்சம் தெரியவில்லை. எனக்கு மிச்சம் வேண்டியும் இருக்கவில்லை. நானும் செல்லம்மாக்காவும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தோம். "கடைசில அண்ணன்காரன் மரியாத செஞ்சுட்டாம்பாரு" என்றாள் அவள். எனக்கும் அதில் ஒரு துளி சந்தேகம் வரவில்லை.

எப்படி வரும்? நம் தோட்டத்துக் காமன் கூத்தை நினைத்துப் பார். மன்மதனாக ஆடுகிறவன் சுற்றிச் சுற்றி ஆடிக் களைத்து, அப்போதும் கால் தளராமல் நின்றால், சனம் துண்டு போடும். கிட்டப் போக முடிந்தவர்கள் தோளில் போர்த்துவார்கள். கூட்டம் நெருக்கினால் நின்ற இடத்திலிருந்தே வீசுவார்கள், அவன் ஆட்டத்தை நிறுத்தாமல் குனிந்து எடுத்துப் போட்டுக்கொள்வான். என் சின்ன வயதிலிருந்து துண்டு என்றால் எனக்கு அது ஒன்றுதான். வெள்ளைக்காரர்களிடமும் இந்த வழக்கம் இருக்கிறதே என்று எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

பிறகு நீ டவுனில் சிங்களப் பள்ளிக்கூடத்துக்குப் போனாய், அங்கே குத்துச்சண்டை பழக்கிய வாத்தியார், நாம் சேர் என்று கூப்பிடுகிறவர், அவர் கண்ணில் பட்டாய். உன் அப்பா வேண்டாம் என்றார். "படத்துல அடி வாங்குறவனுக்கு மறுநா முகத்துல ஒண்ணும் இருக்காது, இவனுக்கு மூக்கு போயிரும்" என்றார். நான்தான் உன் பக்கம் நின்றேன். நீ விடியுமுன் ரோட்டில் ஓடும்போது நான் மரத்துக்கு நடப்பேன், வளைவில் ஒருவரை ஒருவர் கடந்துபோவோம், நீ மூச்சு வாங்கிக்கொண்டே கையை ஆட்டுவாய். அந்த நாட்களில் நான் பெரிய திரையில் பார்த்த எல்லாம் நம் ரோட்டிலேயே நடப்பதாக இருந்தது. இறுதிப் போட்டி வரைக்கும் நீ போனபோது சேர் வீட்டுக்கே வந்து சொன்னார், இதில் வென்றால் கொழும்பில் ஒரு பெரிய பள்ளிக்கூடம் உன்னை விடுதியில் சேர்த்துப் படிக்க வைக்கும் என்று. நான் அடுத்த நாளே டவுனுக்குப் போய்ப் பச்சைக் கரை போட்ட வெள்ளைத் துண்டு ஒன்று வாங்கினேன். யாரிடமும் சொல்லவில்லை, உன்னிடமும் சொல்லவில்லை.

மண்டபத்தில் சேர் பெரிய மனதோடு என்னை உன் மூலைக்குப் பின்னால், தண்ணீர் வாளிக்குப் பக்கத்தில் நிற்க விட்டார். முதல் இரண்டு சுற்றும் நீதான் நன்றாக அடித்தாய் என்று சுற்றி நின்றவர்கள் பேசிக்கொண்டார்கள். மூன்றாவது சுற்றில் அந்தப் பையன் உன் தாடையில் ஒன்று வைத்தான். உன் கால் மடங்கியது. ஆனால் நீ விழவில்லை. கயிற்றைத் தொடாமல் நிமிர்ந்து, திருப்பி அடித்தாய், அவன் பின்னால் போனான், மண்டபம் முழுக்க எழுந்து நின்றது. இதுதான் அந்த நேரம் என்று எனக்குத் தோன்றியது. பையிலிருந்து துண்டை எடுத்தேன், பிரித்தேன், என் பலம் எல்லாம் சேர்த்து உன் காலடியில் விழும்படி வீசினேன்.

நடுவர் இரண்டு கையையும் தூக்கி ஆட்டினார். சத்தம் அடங்கிப்போனது. நீ திரும்பி முதலில் துண்டைப் பார்த்தாய், பிறகு என்னைப் பார்த்தாய். நான் சிரித்துக்கொண்டு கைதட்டிக்கொண்டிருந்தேன். அந்தப் படத்தில் வந்ததுபோலவே எல்லாம் நடக்கிறது என்று எனக்குள் ஒரே பூரிப்பு. சேர் என்னைப் பார்த்து "அம்மே" என்று ஏதோ கத்த வாயெடுத்தார், தீர்ப்புச் சொல்கிறவர்கள் மேசைப் பக்கம் ஓடப்போனார். நீ அவர் கையைப் பிடித்து நிறுத்தி என்னவோ சொன்னாய், எனக்குக் கேட்கவில்லை. பிறகு துண்டைக் குனிந்து எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாய், இறங்கி வந்து அத்தனை பேர் முன்னால் என் காலைத் தொட்டுக் கும்பிட்டாய். மேலே அந்தப் பையனின் கையைத் தூக்கினார்கள். "ஏன்டா அவன் கைய தூக்குறாங்க" என்று கேட்டேன். "பொயின்ட்ல போச்சும்மா. விடுங்க, பசிக்குது" என்றாய்.

அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு நான் எட்டு வருடம் ஆடினேன். தமிழ்ப் பையன் என்று என் பிள்ளையை வேண்டுமென்றே தோற்கடித்துவிட்டார்கள் என்று கல்யாண வீடு, சாவு வீடு ஒன்று விடாமல் சொன்னேன். அந்த நடுவருக்கு மண்ணை வாரித் தூற்றினேன். சேர் நியாயம் கேட்காமல் வாயை மூடிக்கொண்டிருந்தார் என்று அவரோடு பேச்சை விட்டேன். பஸ்ஸில் அவர் எழுந்து இடம் கொடுத்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றே வந்தேன். நீ அந்த வருடமே டயர் கடையில் வேலைக்குச் சேர்ந்தாய். உன் க்ளவுஸைச் சேரிடமே திருப்பிக் கொடுத்தாய். என் கோபத்துக்கு நீ ஒத்து ஊதவும் இல்லை, மறுத்துச் சொல்லவும் இல்லை.

போன ஞாயிறு மத்தியானம் உன் புஷ்பா கலவானையிலிருந்து தன் அம்மாவோடு வந்தாள் அல்லவா, நீ கடையில் இருந்தாய். எனக்குக் குத்துச்சண்டைப் படம் பிடிக்கும் என்று நீ சொல்லியிருக்கிறாய், பாவம் அந்தப் பிள்ளை தேடி அலைந்து தமிழில் பேசுகிற டிவிடி ஒன்று வாங்கி வந்திருந்தாள். போட்டால் அதே மீன் பெட்டி தூக்குகிறவன். பதினைந்து வருடம் கழித்து அவனைப் பார்த்ததும் சொந்தக்காரன் வந்ததுபோல் இருந்தது எனக்கு. சின்னப் பெட்டியில் அவன் முகம் உள்ளங்கை அளவுதான், அழகு பாதி போய்விட்டது. ஆனால் பேச்சு விளங்கியது. கடைசிப் போட்டி வந்தது. அண்ணன் துண்டை வீசினான். வீசிவிட்டு, நாங்கள் தோற்றுவிட்டோம், நிறுத்துங்கள், எனக்கு என் தம்பி உயிரோடு வேண்டும் என்று தமிழில் கத்தினான்.

"ஏம்மா அப்புடிச் சொல்றான்" என்று நான் கேட்டேன். புஷ்பா சிரித்தாள். "துண்டப் போட்டா தோத்துட்டோம்னு ஒத்துக்கிறது அத்த. அதோட சண்டை முடிஞ்சிரும். இதுகூடத் தெரியாமயா இத்தன படம் பாத்தீங்க?" உன் அப்பா சத்தமில்லாமல் எழுந்து விறகு பிளக்கப் போனார். அப்போதே விளங்கிவிட்டது, அவருக்குத் தெரியும். அவரிடம் சொல்லி அவர் வாயையும் நீ கட்டி வைத்திருக்கிறாய். வீட்டில் தெரியாத ஒரே ஆள் நான். புஷ்பாவிடம் ஒன்றும் காட்டிக்கொள்ளாமல் தேத்தண்ணி ஊற்றினேன், சீனிக்குப் பதில் உப்பைப் போட்டுவிட்டேன், அவள் ஒன்றும் சொல்லாமல் குடித்தாள். நல்ல பெண். அந்த விஷயத்தில் அவளும் உன்னைப்போலத்தான் என்று பயமாகவும் இருக்கிறது.

செவ்வாய்க்கிழமை மழை. பால் வெட்டு இல்லை. குடையை எடுத்துக்கொண்டு சேர் வீட்டுக்குப் போனேன். அவர் பென்ஷன் வாங்கி மிளகுக் கொடிக்குப் பந்தல் கட்டிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் ஒரு முக்காலியைத் துடைத்துப் போட்டு, "இந்தகன்ன அம்மே" என்றார், உட்காரச் சொல்லி. நான் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லி, கையெடுத்துக் கும்பிட்டு, மன்னிக்கச் சொன்னேன். அவர் கையிலிருந்த கயிற்றைக் கீழே வைத்தார். பிறகு, அன்றைக்கு நீ அவர் கையைப் பிடித்து என்ன சொன்னாய் என்பதைச் சொன்னார். பயிற்சியாளர் போடாத துண்டு செல்லாது, மேசையில் போய் விளக்கினால் போட்டியைத் தொடர விட்டிருப்பார்களாம். அதற்குத்தான் அவர் ஓடினாராம். ஆனால் விஷயம் இன்னதென்று மைக்கில் அறிவிப்பார்கள். நீ அவரிடம் சொன்னாயாம், "வேணாம் சேர். மைக்ல சொன்னா மண்டபமே சிரிக்கும். எங்கம்மா எனக்கு மரியாத செய்ய வந்துருக்காங்க. தோட்டத்துப் பொம்பளன்னு அவங்களப் பாத்து யாரும் சிரிக்க நா விடமாட்டேன்." அதற்காக ஒரு மாதம் உன்மேல் கோபமாக இருந்தேன் என்றார் சேர். "இன்னமும் கொஞ்சம் இருக்கு" என்றார். அதற்குப் பிறகுதான் நான் அந்த முக்காலியில் உட்கார்ந்தேன். உட்கார்ந்து நன்றாக அழுதேன். அவர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

தம்பி, நான் எத்தனையோ சண்டைக்காரர்களைப் பெரிய திரையில் பார்த்துக் கைதட்டியவள். கையில் இருந்த வெற்றியைத் தாய் தலைகுனியக் கூடாது என்று கீழே வைத்துவிட்டு, பசிக்குது என்று சொன்னவனை நான் எந்தப் படத்திலும் பார்க்கவில்லை. பதினேழு வயதில் அவ்வளவு பெரிய மனது உனக்கு எங்கிருந்து வந்தது என்று நினைத்து நினைத்துப் பார்க்கிறேன். பெருமையாக இருக்கிறது, தாங்க முடியாமலும் இருக்கிறது. உன் படிப்பை, கொழும்பை, உன் க்ளவுஸை என் கையாலேயே தூக்கி எறிந்தேன். மன்னித்துவிடு என்று எழுதக் கை கூசுகிறது, ஆனாலும் எழுதுகிறேன். என்னை மன்னித்துவிடு.

ஆனால் உன்மேலும் எனக்கு ஒரு வருத்தம் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். அன்றைக்குச் சிரிப்பிலிருந்து என்னைக் காப்பாற்றினாய். அடுத்த நாளாவது சொல்லியிருக்கலாம். சொல்லாமல் விட்டதால் எட்டு வருடம் குற்றமில்லாத மனிதர்களைச் சபித்தேன். எத்தனை பேர் மனதில் அந்தக் கசப்பை ஊற்றினேனோ தெரியாது, இப்போது வீடு வீடாகப் போய்த் திருத்திச் சொல்லிக்கொண்டிருக்கிறேன், செல்லம்மாக்காவிலிருந்து தொடங்கியாயிற்று. அவள் தலையில் அடித்துக்கொண்டாள். புஷ்பாவோடு நீ அப்படி இருக்காதே. அவளும் அன்பினாலேயே ஒருநாள் தப்பான நேரத்தில் ஒரு துண்டை வீசுவாள். பலர் முன்னால் அவளை விட்டுக்கொடுக்காதே, ஆனால் வீட்டுக்கு வந்ததும் சொல்லிவிடு. ஒரு நாள் அழுவாள், அவ்வளவுதான். அப்புறம், வேலை முடிந்து அவள் வந்து நிற்கும்போது உட்காரச் சொல், தண்ணீர் கொடு, முடியுமா என்று கேள். அவளும் உன்னைக் கேட்பாள். எனக்குத் தெரிந்த புத்தி இவ்வளவுதான், இதையும் அந்தப் படங்களில்தான் படித்தேன்.

அந்தப் பச்சைக் கரைத் துண்டு உன் பழைய பெட்டியில் அடியில் மடித்திருக்கிறது. நேற்றுத்தான் பார்த்தேன். எடுத்து அலசிக் காயப்போட்டிருக்கிறேன், கேட்காமல் எடுத்ததற்குக் கோபிக்காதே. கல்யாணத்துக்குச் சேர் வருகிறேன் என்று சொல்லிவிட்டார், முன் வரிசையில் உட்கார வைக்கவேண்டும். தாலி கட்டி முடிந்ததும் நான் அந்தத் துண்டோடு மணவறைக்கு வருவேன். என் கையில் அதைக் கண்டதும் பாவம் அந்த மனிதர் பதறிப்போய் எழுந்து நிற்பார். நீ பதறாதே. இந்த முறை நான் தூர நின்று வீசப்போவதில்லை, கிட்ட வந்து தோளில் போடுவேன். நீ கொஞ்சம் குனிந்துகொடு, எனக்கு எட்டாது.

உன் அம்மா